செக்கிங் அக்காவின் கழுத்து

"நீ இங்கயே இரு வடிவு. நான் உள்ள போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கோமதிநாயகம் அந்தத் திருப்பத்தில் மறைந்து போனார். போன மனுஷன் இன்னும் வந்தபாடில்லை. சண்முகவடிவு ஆஸ்பத்திரி முதல் மாடியில், லிஃப்டுக்கு எதிரே போட்டிருந்த இரும்பு நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றுதான் பேர். மனசு எப்பவோ எழுந்து போய், திருப்பத்தைத் தாண்டி, டாக்டர் ரூம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றது. அதென்ன வடிவு? கல்யாணமான நாளிலிருந்து ஏட்டி, ஏட்டி என்று கூப்பிட்ட வாய்தானே இது? தெரு முனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு "ஏட்டி, தூக்குவாளிய எடுத்துட்டு வா" என்று ஒரு சத்தம் போட்டால் எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். டவுன் பஸ் ஓட்டுகிறவருக்குத் தொண்டையிலேயே ஹாரன் வைத்திருக்கிறது என்று தெருவே சொல்லிச் சிரிக்கும். அந்தத் தொண்டைக்கு இப்போது எங்கிருந்து வந்தது இந்த வடிவும் கிடிவும்? கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்த ரிசல்ட் வந்துவிட்டது. கேன்சரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. கழுத்து அவளுடையது. பதில் கேட்கப் போனது அவர். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அவளுக்கும் வாய் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல வடிவு, நீ எதுக்கு அலையணும், அதுக்குத்தான்" என்பார். அந்த ஒண்ணுமில்ல இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஒண்ணுமில்ல என்ற சொல்லைப் பற்றிச் சண்முகவடிவிடம் யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் அவள் செக்கிங் அக்கா. கடை அடைக்கும்போது பின்வாசல் பக்கம், திரை போட்ட மறைப்புக்குள், வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். கொண்டை, கழுத்து, அக்குள், இடுப்பு, கைப்பை, டிபன் டப்பா. இதுக்குப் பேர் வேலை. பாவம், அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப் போய் வருவார்கள். வந்ததும் இவள் கையை விட்டுத் துழாவுவாள். எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒன்று பழகிப்போயிருந்தது. எதையாவது ஒளித்துக்கொண்டு வருகிறவள், இவள் கேட்கும் முன்னாலேயே "ஒண்ணுமில்லக்கா" என்பாள். ஒன்றும் இல்லாதவள் ஏன் அதைச் சொல்லப்போகிறாள்? அவள் பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு கொட்டாவி விட்டபடி நிற்பாள். இன்னொன்று, முகத்தைப் பார்க்கக் கூடாது, கழுத்தைப் பார்க்கணும். முகம் சிரிக்கும், மழுப்பும், கண்ணீர்கூட விடும். கழுத்துக்கு நடிக்கத் தெரியாது. மடக்கென்று எச்சில் முழுங்கும். அந்த முழுங்கலைப் பார்த்துத்தான் ஒரு தடவை எலுமிச்சஞ் சோற்றுக்கு அடியில் கவரில் சுற்றி வைத்திருந்த பட்டு ஜாக்கெட் பிட்டை எடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அவள் அதை நேரிலேயே பார்த்தவள். ஊரில் உள்ளவள் கழுத்தையெல்லாம் தடவிப் பார்த்தவளுக்குத் தன் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யாரோ ஒருத்தி அவள் கண்ணுக்கு முன்னாலேயே, அவள் கழுத்துக்குள்ளேயே ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது ஜெபக்கனி. எத்தனையோ பேர் இருக்க, அந்த ஜெபக்கனியா கண்டுபிடிக்கணும்! சேலை செக்‌ஷனில் நிற்கிற ஒல்லிப் பிள்ளை. அவள் மேல் சண்முகவடிவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். மற்ற பிள்ளைகள் மாதிரி நெளியாமல், குழையாமல், நேராக நிற்பாள். நேராக நிற்கிறவள் மேல்தானே சந்தேகம் வரும்? ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாகத் தடவிப் பார்ப்பாள். ஒரு நாளும் ஒன்றும் சிக்கியதில்லை. அந்தப் பிள்ளைதான், மத்தியானம் சாப்பாட்டு ரூமில் எதிரே உட்கார்ந்து, இவள் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக் குடிப்பதுதான் சண்முகவடிவுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து வழக்கம். எச்சில் பண்ணிக் குடிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. "அக்கா, நீங்க தண்ணி குடிக்கும்போது தொண்டைல ஒண்ணு ஏறி எறங்குது" என்றாள் ஜெபக்கனி. "எல்லாருக்குந்தான் ஏறி எறங்கும். ஒனக்கு எறங்காதா?" "இல்லக்கா, இது சைடுல. நெல்லிக்கா கணக்கா." சண்முகவடிவு அவள் கழுத்தைப் பார்த்தாள். அந்தக் கழுத்து முழுங்கவில்லை. அதுவே இவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. பழி வாங்குகிறாள் பார், ரெண்டு தடவை தடவினதுக்கு நெல்லிக்காய் என்கிறாள், வாயில் நல்ல வார்த்தை வருகிறதா என்று பொரிந்துவிட்டு எழுந்து போனாள். போனவள் நேரே புடவை டிரையல் கண்ணாடிக்கு முன்னால் நின்று, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். ஏறியது. இறங்கியது. அன்றையிலிருந்து மற்றவர்களுக்கு முன்னால் அவள் சொம்பை உதட்டில் வைத்துக் குனிந்தே குடித்தாள். எச்சில் பண்ணினாலும் பரவாயில்லை, அடுத்தவள் பார்க்கக் கூடாது. ஜெபக்கனி மட்டும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர் மங்கையர்க்கரசியும் அதையேதான் செய்யச் சொன்னார். ஒரு கிளாஸ் தண்ணியைக் கையில் கொடுத்து, "குடிங்க, ஆனா நான் சொல்லும்போது முழுங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்து நின்று, ரெண்டு கை விரலாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். சண்முகவடிவுக்குக் கூசிப் போயிற்று. அவள் மற்றவர்களைத் தடவுகிறாளே, அதே மாதிரி தடவுகிறார். அவசரமில்லாமல், தொட்ட இடத்தையே திரும்பத் தொட்டு. ஓ, இப்படித்தான் இருக்குமா அந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு அளவு சரியாகத்தான் இருக்கிறதாம். கடையில் பாதிப் பேருக்குத் தைராய்டு. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு உடம்பு போட்டுவிட்டது, முடி கொட்டுகிறது என்று அங்கலாய்ப்பார்கள். இவளுக்கு ஒரு முடிகூடக் கொட்டவில்லை, அளவும் சரி. அப்படியானால் எதுக்கு ஸ்கேன்? "அளவு வேற, கட்டி வேறம்மா. அளவு சரியா இருந்தாலும் கட்டி என்ன கட்டின்னு பாக்கணும்ல?" என்றார் டாக்டர். அங்கேயே அவளுக்கு ஒரு முள் குத்தியது. சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அடுத்த ரூமுக்கு அனுப்புகிறவர்களை எப்படி நம்புவது? ஸ்கேன் ரூமில் ஏசிக் குளிர். கழுத்தில் வழவழவென்று எதையோ தடவினார்கள், அது அதைவிடக் குளிர். தாலிச் செயினைத் தூக்கி வாயில் கடித்துக்கொள்ளச் சொன்னான் ஸ்கேன் எடுத்த தம்பி. நல்ல கலகலப்பான தம்பிதான். எந்தக் கடைக்கா, ஆடித் தள்ளுபடி எப்போக்கா, எங்கம்மாவுக்கு ஒரு சேலை எடுக்கணும்க்கா என்று பேசிக்கொண்டே கழுத்தின் இடது பக்கம் ஓட்டினான். வலது பக்கம் வந்தான். பேச்சு நின்றுவிட்டது. டக், டக் என்று பொத்தானைத் தட்டுகிற சத்தம் மட்டும். திரையை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். "என்ன தம்பி?" என்று செயினைக் கடித்த வாயோடு கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா" என்றான். பாவி, நீயுமா என்று நினைத்தாள்.

"ஓரம் நேரா இல்ல, உள்ள புள்ளி புள்ளியாத் தெரியுது. சந்தேகமாத்தான் இருக்கு" என்று அன்றைக்கு டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தேகப்படுகிறதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை. அதையே அவள் கழுத்தின் மேல் எழுதி ஒட்டிவிட்டார்கள். "சந்தேகம்னா முடிவு இல்லம்மா. ஊசி போட்டுக் கொஞ்சம் செல் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்." ஊசி மெல்லிசுதான். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஆனால் குத்தும்போது "முழுங்காதீங்க, எச்சில்கூட முழுங்காதீங்க" என்றார்கள். அதுதான் கொடுமை. முழுங்காதே என்றதும் வாயெல்லாம் எச்சில் ஊறிப் பொங்கியது. திரை மறைப்புக்குள் நிற்கிற பிள்ளைகள் ஞாபகம் வந்தது. முழுங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் அதுகளுக்கு? ஊசியில் வந்ததைக் கண்ணாடிச் சில்லில் வைத்து இன்னொரு சில்லால் இழுத்துத் தேய்த்தார்கள், தோசைக்கல்லில் மாவைப் பரப்புகிற மாதிரி. இவ்வளவுதானா, இந்த ஈரப் பொட்டுக்குள்ளா என் ஆயுசு இருக்கு என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கடைசியில் பார்த்தால், போதுமான செல் வரவில்லையாம். ஒன்றும் சொல்ல முடியாதாம். மறுபடியும் குத்தணுமாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்தினால் சரியான இடத்தில் விழுமாம். எல்லாருக்கும் சில சமயம் இப்படி ஆகிறதுதான் என்றார்கள். யாரிடம் கதை விடுகிறார்கள்? சிக்காமலா இருந்திருக்கும்? சிக்கியிருக்கும். சிக்கியதை இன்னொரு தடவை உறுதி பண்ணிக்கொள்கிறார்கள். அவளும் அப்படித்தானே? ஒரு தடவை கையில் தட்டுப்பட்டதும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள். "சரி, திரும்பி நில்லு பிள்ள" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ரெண்டாம் தடவை நிதானமாகக் கையை விடுவாள்.

அந்த ரெண்டாம் ஊசிக்கு அப்புறம்தான் வீட்டில் மனுஷன் மாற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது அவர் நம்பரைத்தான். போன் வந்தது. சட்டையைக்கூடப் போடாமல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு வாசலிலிருந்து சரிங்கம்மா, சரிங்கம்மா என்று முனகல் மட்டும்தான் கேட்டது. உள்ளே வந்தவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரிசல்ட் வந்துட்டாம். ஒண்ணுமில்லயாம் வடிவு. சும்மா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுதாங்க" என்றார். அவள் கேட்கவே இல்லை. கேட்கும் முன்னாலேயே சொன்னார். கழுத்தைப் பார்த்தாள். மடக்கென்று முழுங்கினார். அவளுக்குப் போதும் அது. அதிலிருந்து பார்க்கிறாள், எலி சும்மாவா அம்மணமாக ஓடும்? கிழமையில்லாத கிழமையில் நெய்மீன் வாங்கி வருகிறார். சீரியலை மாத்தச் சொல்லி ரிமோட்டைப் பிடுங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். எத்தனையோ வருஷமாக "அந்த பாத்ரூம் தாழ்ப்பாளக் கொஞ்சம் மாட்டுங்க, ஒத்தக் காலால கதவ மிதிச்சுக்கிட்டுல்ல குளிக்கேன்" என்று கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வாய் ஓய்ந்து போயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தானாகவே மாட்டிவிட்டார். புத்தம் புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று. அன்றைக்குக் குளிக்கும்போது அவள் அழுதாள். இனி எத்தனை நாள் குளிக்கப்போகிறேன் என்று மாட்டினார்? இல்லை, எனக்காகத்தான் மாட்டினாரா? அடுத்து வருகிறவள் தாழ்ப்பாள் இல்லையென்றால் வருவாளோ மாட்டாளோ என்று ஒரு நினைப்பா? சீ, என்ன நினைப்பு இது, அறுபதை நெருங்குகிற மனுஷனுக்கு எவள் வரப்போகிறாள் என்று தண்ணியை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றிக்கொண்டாலும் நினைப்பு போகவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் அனுசுயா வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவள், இப்போது தினமும் "சாப்டியாம்மா" என்கிறாள். சாப்பிட்டேனா என்று தெரிந்துகொள்ளவா கூப்பிடுகிறாள்? எல்லாவற்றையும்விட ஒன்று அவளை அறுத்தது. அவள் தண்ணி குடிக்கும்போது மட்டும் அவர் வேறு எங்கேயாவது பார்க்கிறார். சொம்பை அவள் கையில் எடுத்ததுமே காலண்டரைப் பார்க்கிறார், ஃபேனைப் பார்க்கிறார். தெரிந்துவைத்துக்கொண்டிருக்கிறவன்தான் அப்படி முகத்தைத் திருப்புவான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். மூட்டு வலிக்காரி போல, உட்காருவதற்கே முருகா முருகா என்றாள். "ஒங்களுக்கா, கூட வந்துருக்கீங்களா?" என்று கேட்டாள். "எனக்குத்தான்" என்றாள் சண்முகவடிவு. "எனக்குன்னா நீங்க உள்ளல்ல போகணும்?" "வீட்டுக்காரர் போயிருக்காரு." "ஓ" என்றாள் அந்த அம்மா. அந்த ஓ கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, "சாப்பிடுங்க" என்று நீட்டினாள். பார்த்தீர்களா, இரக்கம்! முன்னே பின்னே தெரியாதவளுக்குக்கூட விளங்கிவிட்டது. சங்கரபாண்டி அத்தானுக்கும் இப்படித்தான் நடந்தது. இவருடைய அண்ணன். வயிற்றில் வந்தது அவருக்கு. இதே மாதிரி அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, இவர்தான் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "அல்சர்ண்ணே, காரம் ஆகாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் அத்தனை பேர் வாயையும் கட்டினார். வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, அல்சர் அல்சர் என்று சொல்லிவிட்டு, வாசலில் போய் மூக்கைச் சிந்தினார்கள். அந்த மனுஷன் எலும்பும் தோலுமாகக் கிடந்துகொண்டு, தையில் மாடியில் ஒரு ரூம் போடணும், செங்கலுக்குச் சொல்லிவை என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்லிட்டேண்ணே" என்பார் இவர். தை வரும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட கைதேர்ந்த ஆள் இவர். செத்துக்கொண்டிருக்கிறவனிடமே செங்கலுக்குச் சொல்லிவிட்டேன் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு தாழ்ப்பாள் மாட்டவா தெரியாது?

சண்முகவடிவு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். முழுங்க முடியாது. இப்போதெல்லாம் முழுங்கும்போது எதுவோ இடறுகிறது. நிஜமாகவே இடறுகிறதா, இருக்கிறது என்று தெரிந்ததால் இடறுகிறதா? ஜெபக்கனி சொல்வதற்கு முந்தின நாள்வரை கோழி எலும்பைக் கடித்து முழுங்கியவள்தானே அவள்? விரல் தானாகப் போய் வலது பக்கம் தொட்டது. இருந்தது. எங்கேயும் போகவில்லை, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? "எத்தன நாள்மா தாங்குவா?" என்று கேட்டிருப்பார். "அவளுக்குத் தெரிய வேண்டாம்மா, பயந்த சுபாவம்" என்று சொல்லியிருப்பார். யார் பயந்த சுபாவம்? நானா? போன தடவையே பார்த்தாள். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, செருப்பை மாட்டுகிற சாக்கில் பின்தங்கி நின்று, நர்ஸிடம் குனிந்து என்னவோ சொன்னார். எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார், வேறென்ன? அறுத்து எடுக்கும்போது குரல் போய்விடும் என்று ஒருத்தி சொன்னாள். போகாது, சிலருக்குக் கம்மும், சரியாகிவிடும் என்று இன்னொருத்தி சொன்னாள். குரல் போனால் செக்கிங்கில் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது, கை இருந்தால் போதும். அனுசுயாவுக்குச் சீமந்தம் வைக்கும்போது குலவை போட முடியாது, அவ்வளவுதானே? அவ்வளவுதானா? திடீரென்று அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு பேச்சு என்ன, பயம்தான். செத்துப் போகிறதுக்கு முன்னாலேயே எல்லாருமாகச் சேர்ந்து, தன்னை விட்டுவிட்டு, தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்ற பயம். சங்கரபாண்டி அத்தான் கட்டிலில் கிடந்துகொண்டு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாரே, அந்தப் பார்வை. அவர் முகத்தைத்தான் பார்த்தார். பாவம், கழுத்தைப் பார்க்கணும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தெரிந்தவளுக்கு ராத்திரியும் தூக்கம் வராது, பகலும் பொழுது போகாது. வாங்க, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே வாங்க, உங்க கழுத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பத்திலிருந்து வந்தது நர்ஸ். "சண்முகவடிவு கூட வந்தவங்க யாரு? எத்தன தடவதான் கூப்பிடுறது? வேற ஆள உள்ள விடவா?" என்று சத்தம் போட்டாள். "அவரு உள்ளதானம்மா இருக்காரு?" என்றாள் சண்முகவடிவு. "உள்ள யாருமே வரலியே. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க." வரவே இல்லையா? முதலில் அதையும் நம்பவில்லை. இதுவும் அவர்கள் ஏற்பாடோ என்றுதான் நினைத்தாள். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். திருப்பத்தைத் தாண்டினால் டாக்டர் ரூம். கதவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அதைத் தாண்டி மாடிப்படி இறங்குகிற இடத்தில் குடிதண்ணிக் குழாய் வைத்திருந்தார்கள். அங்கே நின்றார் கோமதிநாயகம். கையில் வீட்டிலிருந்து கொண்டு வந்த தண்ணி பாட்டில். பாட்டில் நிறைந்து, வாய் வழியாக வழிந்து, கையில் வழிந்து, சட்டைக் கையெல்லாம் நனைந்து, தண்ணி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயை மூடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் கையை நீட்டிக் குழாயை மூடினாள். திரும்பிப் பார்த்தார். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. "போகத்தான் போனேன். கதவுவரைக்கும் போயிட்டேன்" என்றார். "கூப்பிடத்தான் செஞ்சாங்க. கேட்டுச்சு. காலு வரமாட்டேங்குது." அவள் பழக்கதோஷத்தில் கழுத்தைப் பார்த்தாள். அது முழுங்கியது, மறுபடி முழுங்கியது, முழுங்கிக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு போன்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "நேர்ல வாங்க, பேசணும்னாங்க. அவ்வளவுதான்." "அவ்வளவுதானா?" "சத்தியமா அவ்வளவுதான்." "பெறகு எதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?" கோமதிநாயகத்துக்கு அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ பீறிட்டு வந்தது. "வேற என்னத்தட்டி சொல்லச் சொல்லுத என்னய?" என்று கத்தினார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நர்ஸ் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள். சண்முகவடிவுக்கு என்னவோ வயிற்றுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த மனுஷனிடம் ஒளித்து வைத்தது ஒன்றுமே இல்லை. தடவிப் பார்த்தால் அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவரிடமும் இருந்தது. நெய்மீனும் தாழ்ப்பாளும் வடிவும் வெறும் பயம். தெரிந்தவர் பயம் இல்லை, தெரியாதவர் பயம்.

பாட்டிலை வாங்கினாள். உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து குடித்தாள். கடையில் ஒளிந்து ஒளிந்து குனிந்து குடித்ததுக்கெல்லாம் சேர்த்துக் குடிக்கிற மாதிரி நிதானமாகக் குடித்தாள். அவர் இந்தத் தடவை எங்கேயும் திரும்பவில்லை. பார்த்தார். அது ஏறியதையும் இறங்கியதையும் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நீங்க இங்கயே இருங்க. நான் உள்ள போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாரேன்." அவர் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

டாக்டர் மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். "வந்துருக்காரு. வெளிய நிக்காரு. கழுத்து என்னுதுதான, எங்கிட்டயே சொல்லுங்க." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் டாக்டர் கழுத்தைப் பார்த்தாள். மெல்லிசாக ஒரு செயின், கொஞ்சம் வியர்வை. "ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிராதீங்கம்மா" என்றாள். "சொல்லல. இருக்கு" என்றார் டாக்டர். "புத்துதான். ஆனா கழுத்தோட நிக்குது, வேற எங்கயும் பரவின மாதிரித் தெரியல. இது மெதுவா வளர்ற வகை. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். அப்புறம் தினமும் காலைல ஒரு மாத்திரை. நிறையப் பேர் நல்லா இருக்காங்க." சொல்லி முடிக்கிறவரை அவள் கண் அந்தக் கழுத்தை விட்டு நகரவில்லை. அது முழுங்கவில்லை. சண்முகவடிவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எத்தனையோ நாளைக்கு அப்புறம், ஒருத்தர் சொன்னதை அவள் நம்பினாள். நம்புவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஜெபக்கனி ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான், முழுங்காமல், நேராகச் சொன்னாள். நாளைக்குப் போனதும் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசணும் என்று நினைத்துக்கொண்டாள். "குரல் போயிருமாம்மா?" என்று கேட்டாள். "போகாம இருக்கப் பாத்துத்தான் செய்வோம். சிலருக்குக் கொஞ்ச நாள் கம்மும். எல்லாத்தையும் உக்காந்து பேசலாம்" என்றார் டாக்டர். "இருங்கம்மா, வாரேன்" என்று எழுந்தாள்.

கதவைத் திறந்தாள். கோமதிநாயகம் கதவுக்கு நேர் எதிரே, ரெண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனைந்த சட்டையோடு நின்றார். திரைக்குள் வந்து நிற்கிற புதுப் பிள்ளை மாதிரி நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை அவர். அவள் கழுத்தைத்தான் பார்த்தார். "என்னட்டி சொன்னாங்க?" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. ஒண்ணுமில்ல என்ற சொல் அவள் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அது எப்படி இவ்வளவு லேசாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த நனைந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல முடியும்? வந்ததை மடக்கென்று முழுங்கினாள். அது ஏறி இறங்கியதை அவர் பார்த்தார். "இருக்கு" என்றாள் சண்முகவடிவு. கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க. ரெண்டு பேருமாக் கேப்போம்."